சுருக்குமடிக்கு அனுமதி கிடைத்துவிட்டதா? பன்னிரண்டு கடல் மைல் கோடும் சமீபத்திய தீர்ப்புகளும்

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்ட கேள்வி இது: "என் மாமா சுருக்குமடி படகு ஒன்றில் பங்கு வைத்திருக்கிறார். உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்துவிட்டது என்று ஒரு கூட்டம் சொல்கிறது, தடை அப்படியேதான் இருக்கிறது என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. எது உண்மை? 12 கடல் மைலுக்கு அப்பால் மாநில அரசு எதுவும் செய்ய முடியாதா? கடல் சம்பந்தமாக சமீபத்தில் வந்த மற்ற தீர்ப்புகளால் மீனவனுக்கு ஏதாவது பயன் உண்டா?"

முதல் கேள்விக்கு நேரான பதில்: இரண்டு கூட்டமும் பாதி உண்மையைச் சொல்கிறது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அள்ளும் இந்தச் சுருக்குமடி வலைக்குக் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை தடை அப்படியே இருக்கிறது. அதற்கு அப்பால், வாரத்தில் இரண்டே நாள், பகலில் மட்டும், கடுமையான நிபந்தனைகளோடு 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி கொடுத்தது. இதில் 'இடைக்கால' என்ற சொல்தான் முக்கியம். சுருக்குமடி நல்லதா கெட்டதா என்று அந்த உத்தரவு முடிவு சொல்லவில்லை. அதை முழுத் தீர்ப்பாக நினைத்துக் கடன் வாங்கிப் புது வலை கட்டுவது ஆபத்து என்பதை உங்கள் மாமாவிடம் முதலில் சொல்லுங்கள்.

இந்தச் சண்டை ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்பது அந்த வலை வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் புரியும். மீன் கூட்டம் மேலெழும்போது தண்ணீரின் நிறம் மாறும், பறவைகள் வட்டமிடும். படகு அந்தக் கூட்டத்தைச் சுற்றி வட்டமடித்தபடியே நூற்றுக்கணக்கான மீட்டர் நீள வலையை மதில் மாதிரி இறக்கிக்கொண்டே போகும். மேல் விளிம்பில் மிதவைகள், கீழ் விளிம்பில் ஈயமும் வளையங்களும். வட்டம் முடிந்ததும் வளையங்களுக்குள் ஓடும் கயிற்றை இழுப்பார்கள். சுருக்குப் பையின் வாய் மூடுவதுபோல வலையின் அடி மூடிவிடும். உள்ளே இருந்த கூட்டம் மொத்தமாகப் படகுக்கு வந்துவிடும். ஒரே வளைப்பில் டன் கணக்கில் மத்தியோ கானாங்கெளுத்தியோ சிக்கும். அதே கூட்டத்தை நம்பிக் கொஞ்ச தூரத்தில் செவுள் வலையோடு காத்திருக்கும் ஃபைபர் படகுக்காரருக்கு அன்றைக்கு ஒன்றும் இல்லை. மயிலாடுதுறை என்ற ஒரே மாவட்டத்தில் பூம்புகார், திருமுல்லைவாசல் ஒரு பக்கமும் தரங்கம்பாடி மறுபக்கமுமாக நிற்பதற்கு இதுதான் காரணம். இரண்டு பக்கமும் மீனவர்கள்தான், ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள்தான். அதனால் இதைப் பெருமுதலாளிக்கும் ஏழைக்கும் நடக்கும் சண்டை என்று யாராவது சுருக்கிச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுனாமிக்குப் பிறகு பல பேர் சேர்ந்து, நகையை அடகு வைத்துப் பங்கு போட்டு வாங்கிய வலைகளும் இதில் இருக்கின்றன.

இனி சட்டத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மீன்பிடிப்பு இரண்டு இடத்தில் வருகிறது. மாநிலப் பட்டியலில் 21-ஆவது இனம் 'மீன்வளம்'. மத்தியப் பட்டியலில் 57-ஆவது இனம், எல்லைக்கடலுக்கு அப்பால் உள்ள மீன்பிடிப்பும் மீன்வளமும். எல்லைக்கடல் என்பது கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர். அங்கிருந்து 200 கடல் மைல் வரை பிரத்யேகப் பொருளாதார மண்டலம். இந்த அளவுகளை வகுத்தது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். மீனுக்கு இந்தக் கோடு தெரியாது, நீதிமன்றத்தில் மட்டும் எல்லாம் இந்தக் கோட்டில்தான் போய் நிற்கிறது.

12 கடல் மைலுக்குள் மாநிலத்தின் அதிகாரம் எவ்வளவு வலுவானது என்பதை 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேரள அரசு தன் 1980-ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் எல்லைக்கடல் முழுவதும் சுருக்குமடி உள்ளிட்ட சில வலைகளைத் தடை செய்தது. ஜோசப் ஆன்டனி வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தொழில் செய்யும் உரிமை அடிப்படை உரிமைதான், ஆனால் ஆயிரக்கணக்கான பாரம்பரிய மீனவர்களின் பிழைப்பையும் மீன்வளத்தையும் காப்பதற்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்பது அதன் சாரம். மழைக்கால இழுவை மடித் தடையை எதிர்த்து விசைப்படகு உரிமையாளர்கள் போட்ட வழக்கிலும் கேரள அரசுதான் வென்றது. ஆகவே 12 கடல் மைலுக்குள் சுருக்குமடிக்கு நீதிமன்றம் மூலம் வழி பிறக்கும் என்று யாராவது நம்பிக்கை கொடுத்தால், முப்பது வருடத்துக்கு முந்தைய இந்தத் தீர்ப்பை அவர் எப்படித் தாண்டப் போகிறார் என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே தடை உண்டு. 2020-இல் வந்த ஒழுங்குமுறை விதிகளிலும், 2022 பிப்ரவரி 17 தேதியிட்ட அரசாணையிலும் அது உறுதி செய்யப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் சுருக்குமடிக்காரர்களுக்கு வெற்றி கிடைக்கவில்லை. அப்புறம்தான் விஷயம் டெல்லிக்கு, உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே அவர்கள் வைத்த வாதம் கூர்மையானது: 12 கடல் மைலுக்கு அப்பால் மாநில அரசுக்குச் சட்டம் போடும் அதிகாரமே இல்லை, மத்திய அரசு அங்கே சுருக்குமடியைத் தடை செய்யவில்லை, பிறகு எங்களை எந்தச் சட்டத்தில் தடுக்கிறீர்கள்? தமிழ்நாடு அரசின் பக்கமும் நடைமுறை அறிந்த வாதம்தான். படகு புறப்படுவதும் திரும்புவதும் எங்கள் கடல் வழியாக, மீன் இறங்குவது எங்கள் துறைமுகத்தில். வலை படகில் இருந்தால் 12 கடல் மைலுக்கு உள்ளே வளைக்கப்பட்டதா வெளியே வளைக்கப்பட்டதா என்று யார் பார்ப்பது?

நீதிபதிகள் ஏ.எஸ். போபண்ணா, சுதான்ஷு துலியா அமர்வு இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை போட்டது. பதிவு செய்த படகுகளுக்கு மட்டும் அனுமதி. திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும். காலை 8 மணிக்குப் பிறகு புறப்பட வேண்டும், மாலை 6 மணிக்குள் குறித்த இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கண்காணிப்புக் கருவி படகில் இருக்க வேண்டும், அது எப்போதும் இயங்க வேண்டும். அதன் குறியீட்டு எண்ணை மீன்வளத் துறை, கடலோரப் போலீஸ், கடலோரக் காவல்படை, கடற்படை எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். படகில் போகிறவர்கள் பயோமெட்ரிக் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும்.

காகிதத்தில் இது நியாயமாகத் தெரிகிறது. படகில் ஏறிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மணிக்குக் கரையை விட்டால், மணிக்கு ஏழெட்டு கடல் மைல் வேகத்தில் 12 கடல் மைலைத் தாண்டவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வரவும் அதே நேரம், மீன் ஏற்றிய படகு என்றால் இன்னும் மெதுவாக. மிச்சம் இருப்பது ஆறு, ஆறரை மணி நேரம். அதற்குள் கூட்டத்தைத் தேட வேண்டும், வளைக்க வேண்டும், அள்ள வேண்டும். மீன் கூட்டம் மேலே வருவது பெரும்பாலும் விடியலிலும் அந்தி சாயும்போதும். அந்த இரண்டு வேளையுமே உத்தரவுக்கு வெளியே போய்விட்டன. அதோடு மத்தி கரையோர மீன். 12 கடல் மைலுக்கு வெளியே சூரை மாதிரியான மீன்களைத்தான் முக்கியமாகத் தேட வேண்டியிருக்கும், அதற்கு வலையும் அனுபவமும் வேறு. இவ்வளவு நெருக்கடியில் டீசல் செலவு செய்து போகிற படகுக்கு 12 கடல் மைலுக்கு உள்ளேயே வலையை இறக்கிவிடலாம் என்ற ஆசை வருவது இயல்பு. கருவி காட்டிக்கொடுக்கும் என்றால் கருவிக்கு ஏதாவது ஆகிவிடும். அந்த ஆசையைத் தூண்டும்படி ஒரு உத்தரவு அமைந்துவிட்டதே என்பதுதான் என் வருத்தம். அனுமதித்தால் தொழில் நடக்கும்படி அனுமதித்திருக்கலாம், கூடாது என்றால் கூடாது என்று சொல்லியிருக்கலாம்.

நாள் பிரித்துத் தொழில் செய்வது நமக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ராமேஸ்வரத்தில் இன்றைக்கு யார் முறை என்று சின்னப் பையனும் சொல்வான். ஆனால் அது கரையில் சண்டை போட்டு, உயிரிழப்பு வரை பார்த்து, கடைசியில் உட்கார்ந்து பேசி வந்த ஏற்பாடு. விசைப்படகு முறை தவறிக் கடலுக்குப் போனால் நாட்டுப்படகுக்காரர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். 22 கிலோமீட்டருக்கு அப்பால் நடப்பதை யாரும் கரையிலிருந்து பார்க்க முடியாது.

இந்த வழக்கில் நிபுணர் குழு விவகாரமும் உண்டு. மத்திய அரசு அமைத்த குழு சில நிபந்தனைகளோடு சுருக்குமடியை அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆந்திரா, கர்நாடகம் போன்ற மாநிலங்களில் முழுத் தடை இல்லை. தமிழ்நாடு தடை வேண்டும் என்கிறது. பக்கத்து மாநிலக்காரன் பிடிக்கிறானே என்று சுருக்குமடிக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அங்கே கெட்டுப்போனால் நாமும் கெட வேண்டுமா என்று பாரம்பரிய மீனவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. என் சொந்தக் கருத்து தடை பக்கம்தான் சாய்கிறது. ஒரு கூட்டத்தை முழுசாக அள்ளும் கருவியை, எத்தனை படகு, எவ்வளவு மீன் என்ற வரம்பு எதுவும் வைக்காமல் அனுமதிப்பது கடலுக்கு நல்லதில்லை. ஆனால் தடையை நம்பித் தொழிலை விட்டவருக்கு அரசு மாற்று வழி கொடுக்காமல் இருப்பதும் தப்பு.

12 கடல் மைலுக்கு அப்பால் ஏன் இத்தனை குழப்பம்? அங்கே இந்தியப் படகுகளை ஒழுங்குபடுத்த நீண்ட காலம் முழுமையான மத்தியச் சட்டமே இல்லை. 1981-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டுக் கப்பல்களுக்கானது. 2017 நவம்பரில், விளக்கு போட்டு மீனை இழுக்கும் எல்.இ.டி. மீன்பிடிப்பையும், இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் ஜோடி இழுவையையும் மத்திய அரசு தடை செய்தது. பிறகு 2025 நவம்பரில்தான் பொருளாதார மண்டலத்துக்கான விதிகள் வந்தன. விசைப்படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் படகுப் பதிவுக்கான ரியல்கிராஃப்ட் இணையதளம் வழியாக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எல்.இ.டி., ஜோடி இழுவை, 'புல் டிராலிங்' (bull trawling) என்ற இழுவை முறை, மூன்றுக்கும் தடை. சுருக்குமடி அந்த மூன்றில் இல்லை. சிறு பாரம்பரியப் படகுகளுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. உங்கள் மாமாவின் படகு 12 கடல் மைல் தாண்டுகிறது என்றால் இந்தச் சீட்டைப் பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவு மட்டும் கையில் இருந்தால் போதாது.

சரி, இதே கோடு இன்னொரு வழக்கில் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல் தூரத்தில் 'செயின்ட் ஆன்டனி' படகில் இருந்த இரண்டு மீனவர்களை, 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் ஒருவர் கொல்லம், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டம். கேரள போலீஸ் வழக்குப் போட்டது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு வெளியே நடந்த சம்பவத்தில் மாநிலத்துக்கு அதிகார வரம்பு இல்லை, மத்திய அரசுதான் விசாரிக்க வேண்டும் என்றது. அங்கே கேரள போலீஸை நிறுத்திய அதே கோடுதான் இங்கே தமிழ்நாட்டின் தடையையும் நிறுத்தியது.

பிறகு அந்த வழக்கு ஹேக் நகர நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2020 ஜூலையில் முடிவு வெளியானது: அந்த வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியாவில் அவர்கள் மீது வழக்கு நடத்த முடியாது, ஆனால் உயிரிழப்புக்கும் சேதத்துக்கும் இத்தாலி இழப்பீடு தர வேண்டும். 10 கோடி ரூபாய் வந்தது. 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து, இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடியும் படகு உரிமையாளருக்கு 2 கோடியும் என்று பிரித்தது.

அன்றைக்குப் படகில் இருந்த மற்றவர்கள்? பக்கத்தில் நின்றவன் குண்டடிபட்டு விழுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். முதல் உத்தரவில் அவர்களுக்கு ஒரு பைசா இல்லை. அவர்கள் மறுபடி நீதிமன்றம் போனார்கள். 2022 நவம்பரில், உரிமையாளருக்கான 2 கோடியிலிருந்து ஒன்பது பேருக்குத் தலா 5 லட்சம், மீதி 1 கோடியே 55 லட்சம் உரிமையாளருக்கு என்று உத்தரவு மாறியது. எனக்கு இந்த வழக்கில் மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். நம் கடற்கரையில் கூலி என்பது குறைவு, பங்குதான் அதிகம். வருமானத்தில் பங்கு உள்ளவனுக்கு இழப்பீட்டிலும் பங்கு உண்டு என்பதை அவர்கள் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

இன்னும் புதியது எம்.எஸ்.சி. எல்சா 3 வழக்கு. 2025 மே 25 அன்று இந்த லைபீரியக் கொடிக் கப்பல் 640-க்கும் மேற்பட்ட கொள்கலன்களோடு கேரளக் கடலில் மூழ்கியது. சில கொள்கலன்களில், தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயுவை வெளிவிடும் கால்சியம் கார்பைடு. இன்னும் சிலவற்றிலிருந்து உளுந்து அளவில் வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் கொட்டிக் கரையெங்கும் ஒதுங்கின. கன்னியாகுமரி, தனுஷ்கோடி வரை வந்தன. கப்பல் மூழ்கிய இடத்தைச் சுற்றி மீன்பிடிக்கக் கூடாது என்று உத்தரவு, சந்தையில் மீன் வாங்க ஆளில்லை.

கேரள அரசு உயர் நீதிமன்றத்தில் 9,531 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. அதில் மீனவர்களின் வருமான இழப்பாகக் கேட்டது 526.51 கோடி. வழக்கு 2017-ஆம் ஆண்டுக் கடல்சார் உரிமைச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. அந்தச் சட்டத்தில் ஒரு வலுவான ஆயுதம் உண்டு: கப்பலையே 'கைது' செய்யலாம். குற்றம் செய்த கப்பல் கடலடியில் கிடந்தால், அதே உரிமையாளரின் வேறு கப்பல் நம் துறைமுகத்துக்கு வரும்போது அதைப் பிடித்து வைக்கலாம். விழிஞ்ஞத்தில் இருந்த எம்.எஸ்.சி. அகிடேட்டா 2 அப்படித்தான் நிறுத்தப்பட்டது. 2025 செப்டம்பரில் உயர் நீதிமன்றம், 1,227.62 கோடி ரூபாய்க்குப் பிணை வைத்தால் கப்பலை விடலாம் என்றது.

இந்தத் தொகையைச் செய்தியில் பார்த்துவிட்டு இழப்பீடு கிடைத்துவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். இது பிணை மட்டும். கப்பல் கிளம்பிப் போனாலும் பிற்பாடு வரும் தீர்ப்பை வசூலிக்க ஏதாவது இருக்கட்டும் என்பதற்காக. கப்பல் தொழிலில் ஒவ்வொரு கப்பலையும் தனித்தனி கம்பெனி பெயரில் வைப்பது வழக்கம். அதனால் இது வேறு உரிமையாளரின் கப்பல் என்ற வாதம் எப்போதும் வரும். கப்பலின் டன் அளவைக் கணக்கிட்டு இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைக்கும் சர்வதேச விதியும் இருக்கிறது, கப்பல் கம்பெனிகள் அதன் பின்னால் போய் நிற்கும். மீனவனுக்குப் பணம் வர இன்னும் தூரம் இருக்கிறது. ஆனாலும் பிணை இல்லாமல் கப்பல் போயிருந்தால் அந்தத் தூரத்துக்கு முடிவே இருந்திருக்காது.

அமெரிக்காவிலும் மீனவர் வழக்கு ஒன்று பெரிதாகப் பேசப்பட்டது, அதைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். மத்தி மாதிரியான ஹெர்ரிங் மீன் பிடிக்கும் படகுக்காரர்கள் போட்ட லோப்பர் பிரைட் வழக்கு அது. அரசு அனுப்பும் கண்காணிப்பாளரின் செலவை, ஒரு நாளைக்கு 710 டாலர் வரை, படகுக்காரரே தர வேண்டும் என்று மீன்வளத் துறை விதி போட்டது. சட்டத்தில் அப்படி இல்லையே என்று அவர்கள் போனார்கள். 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், சட்டம் தெளிவில்லாத இடத்தில் துறையின் விளக்கத்தை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்ற 40 வருடக் கோட்பாட்டையே நீக்கிவிட்டது. நம் வழக்குகளை அது நேரடியாகத் தொடாது. ஆனால் கண்காணிப்புக் கருவியின் செலவு யார் தலையில் என்ற கேள்வி இங்கேயும் இருக்கிறது, அதை யாரும் இன்னும் சத்தமாகக் கேட்கவில்லை.

கடைசியாக உங்கள் வீட்டுக்கு ஒரு காரியம். எல்சா 3 மாதிரி ஒன்று நம் கரையில் நடந்தால், நீதிமன்றம் முதலில் கேட்பது கணக்கு. சாதாரண வாரத்தில் எவ்வளவு வந்தது, இப்போது எவ்வளவு போனது? ஏலச் சீட்டு, மானிய டீசல் புத்தகம், பனிக்கட்டி ரசீது, படகுப் பதிவு, காப்பீடு, யார் யார் பங்கு என்ற எழுத்து, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டில் வையுங்கள், படகில் வைக்க வேண்டாம். பங்குக் கணக்கில் உங்கள் மாமாவின் பெயர் மட்டும் போதாது, படகில் ஏறும் ஒவ்வொருவரின் பெயரும் இருக்க வேண்டும். செயின்ட் ஆன்டனியில் இருந்த ஒன்பது பேருக்கும் அந்த 5 லட்சம் வந்து சேர பத்து வருடத்துக்கு மேல் ஆனது.